வாய் தெரிகிற டிவி

பெரிய டிவி வாங்க வேண்டும் என்று சின்னத்தாயி சொன்னபோது நான் முடியாது என்று சொல்லவில்லை. எதற்கு என்றுதான் கேட்டேன். அவளுக்குக் காது கேட்காது. வீட்டில் இருந்த பழைய டிவியைப் போட்டே வருஷக்கணக்காகிவிட்டது. அதன் மேல் வெற்றிலைத் தட்டு வைத்திருந்தாள்.

"பார்கவி வாய நான் பாக்கணும்" என்றாள்.

பார்கவி எங்கள் ஒரே மகள். மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் படுக்கைத் துணி துவைக்கிற இடத்தில் வேலை. புருஷன் அங்கேயே வண்டி ஓட்டுகிறான். இப்போது வயிற்றில் பிள்ளை. தலைப்பிரசவம். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வருவதுதானே முறை? வருகிறேன் என்றுதான் சொல்லியிருந்தாள். அப்புறம் ஒரு நாள் போனில், "லீவு குடுக்க மாட்டேன்றாங்கப்பா, நான் வரல" என்றாள். அதை அப்படியே சின்னத்தாயியிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை.

நம்பாததற்குக் காரணம் உண்டு. நீலசந்திராவில் எங்களுக்கு இருப்பது ஒரு ரூம், பக்கத்தில் அடுப்பு வைக்கிற இடுக்கு. "பச்சப்புள்ளைய வச்சிக்கினு எல்லாரும் எங்க படுக்கறது?" என்று ஒரு தரம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதை அவள் பார்த்துவிட்டாள். கேட்டுவிட்டாள் என்று எழுதவில்லை. பார்த்துவிட்டாள்.

அவள் மில்லில் வேலை செய்தவள். தறி ஓடும்போது காதுக்குள் கத்தினாலும் ஒன்றும் கேட்காது. அங்கே பொம்பளைகள் எல்லாம் சத்தமே இல்லாமல் வாயை மட்டும் அசைத்துப் பேசிக்கொள்வார்கள். குழம்பு என்ன வைத்தாய் என்பதும் அப்படித்தான், சூப்பர்வைசரைத் திட்டுவதும் அப்படித்தான். அந்தத் தறிச் சத்தம் கடைசியில் அவள் காதைத் தின்றுவிட்டது. காது போனாலும் பழகின வித்தை போகவில்லை. எதிரில் நின்று தமிழில் பேசினால் ஒரு வார்த்தை தப்பாது. இந்த ஊர்க் கன்னடமும் பாதி பிடித்துவிடுவாள்.

போனில்தான் முடியாது. அவளுக்குச் சர்க்கரை கண்ணுக்கு ஏறியிருக்கிறது. அந்தச் சின்னக் கண்ணாடியில் மகளுடைய வாய் துவரம்பருப்பு அளவுக்குத் தெரியும். அதைப் பார்த்துக் கண்ணைக் கசக்குவாள். பிறகு என்னைப் பார்த்து, "இன்னா சொல்றா?" என்பாள்.

"நல்லா கீறாளாம்" என்பேன்.

"அவ்ளோ நேரம் பேசினா, நீ ஒரு வார்த்தைல முடிக்கற. மீதிய முழுங்கிட்டியா?"

நான் அப்படித்தான். மழை பெய்தால் மழை என்பேன். அதற்கு மேல் எனக்குச் சொல்ல வராது.

மகளை வராதே என்று நானே தடுத்துவிட்டு, லீவு மேல் பழி போடுகிறேன் என்று முடிவு கட்டிவிட்டாள். அதிலிருந்து சோறு போடுவாள், என் முகத்தைப் பார்க்க மாட்டாள். அவள் பார்க்காவிட்டால் நான் என்ன சொன்னாலும் அவளுக்குப் போய்ச் சேராது. ஊமை மாதிரி சொந்த வீட்டில் எத்தனை நாள் உட்கார்ந்திருப்பது? டிவி வாங்கித் தொலைக்கலாம், மகளே அவள் வாயால் சொல்லட்டும் என்று கிளம்பினேன். அவளும் கூட வந்தாள்.

ஆஸ்டின் டவுன் தாண்டி மெயின் ரோட்டில் ஒரு பெரிய கடை. உள்ளே சுவர் முழுக்க டிவி. எல்லாவற்றிலும் ஒரே மயில், ஒரே நேரத்தில் தோகை விரித்தது. நான் காலமெல்லாம் சுவருக்குப் பெயின்ட் அடித்தவன். பளபளப்பு எப்படி வரும் என்று எனக்குத் தெரியும். மேலே ஒரு கோட்டு இழுத்தால் மண் சுவரும் மின்னும். அதனால் மயிலை நான் மதிக்கவில்லை.

மமதா என்று சட்டையில் பேர் குத்தியிருந்த பெண் வந்தாள். கன்னடக்காரப் பெண், தமிழ் பேசினாள்.

"வாங்க தாத்தா. எத்தனை இன்ச் வேணும்?"

"வாய் தெரியணும்" என்றேன்.

"என்னது?"

"பேசறவங்க வாய் நல்லா தெரியணும். பாயி காணிஸ்பேக்கு" என்று அதையே கன்னடத்திலும் சொன்னேன்.

அந்தப் பெண் என்னையும் பார்த்தாள், சின்னத்தாயியையும் பார்த்தாள். பிறகு அவளுக்குப் பாடமாகியிருந்ததை ஆரம்பித்தாள். "இது ஃபோர் கே தாத்தா. சவுண்டு சூப்பரா இருக்கும். கீழ நீளமா ஒரு ஸ்பீக்கர் ஃப்ரீயா தர்றோம், தியேட்டர் மாதிரி அதிரும்."

"சத்தம் வேணாம்."

"சத்தம் வேணாமா?"

"சத்தமே இல்லாத டிவி இருந்தா காட்டு. அதுக்கு வெலைய கொறச்சிக்கோ."

"தாத்தா ஜோக் பண்றீங்க" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்திவிட்டாள்.

அதற்குள் சின்னத்தாயி தானாகவே வேலையில் இறங்கியிருந்தாள். மயில் போய் ஒரு டிவியில் சோப்பு விளம்பரம் வந்தது. அதன் முன்னால் இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தாள். "இவ வாய்ல வேற ஏதோ பாஷை. தமிழ் இல்ல, கன்னடமும் இல்ல" என்று கடை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள். தன் சத்தம் எவ்வளவு என்று அவளுக்குத் தெரியாது. மமதா ரிமோட்டை அமுக்கித் தமிழ்ச் செய்தி வைத்தாள். செய்தி வாசிக்கிறவள் வாயைத் திறந்ததும் சின்னத்தாயி கூடவே வாசித்தாள்: "தமிழகத்தில் நாளை பரவலாக மழை." சத்தம் பாதி இறக்கித்தான் வைத்திருந்தது. பக்கத்தில் பிரிட்ஜ் பார்த்துக்கொண்டிருந்த குடும்பம் பிரிட்ஜை விட்டுவிட்டு எங்களைப் பார்க்க ஆரம்பித்தது.

"பாட்டிக்குக் காது..." என்று மமதா இழுத்தாள்.

"கேக்காது. அதான் சொல்றேன், சத்தம் வேணாம்னு."

அந்தப் பெண்ணுக்கு அப்போதுதான் விளங்கியது. நல்ல பெண்தான். ஆனால் விளங்கினதும் இன்னும் வேகமாகப் பேசத் தொடங்கினாள். போனில் வருவதை அப்படியே டிவியில் காட்டலாமாம். அதற்கு வைஃபை வேண்டுமாம். போனும் டிவியும் ஒரே வைஃபையில் இருந்தால் ஒன்றை ஒன்று கண்டுபிடித்துக்கொள்ளுமாம். போன் மட்டும் இல்லையாம். கம்ப்யூட்டர், வாசல் கேமரா, ஏசி, துணி துவைக்கிற மெஷின், எல்லாமே இந்த டிவியோடு சேர்ந்துகொள்ளுமாம். டிவி பார்த்துக்கொண்டே துணி துவைத்து முடிந்ததா என்று தெரிந்துகொள்ளலாமாம்.

"எங்க வூட்ல துணி துவைக்கிறது இவதான். அத டிவில பாக்கணுமா?"

"சும்மா ஒரு வசதி தாத்தா."

"எல்லாம் ஒண்ணை ஒண்ணு கண்டுபிடிச்சிக்கும்னா, எங்கள யாரு கண்டுபிடிப்பாங்க? இதுல கேமரா கீதா?"

"இல்ல தாத்தா."

நான் நம்பவில்லை. ஓரமெல்லாம் விரலால் தடவிப் பார்த்தேன். கீழே நடுவில் ஒரு சின்னச் சிவப்புப் புள்ளி. "இது இன்னா?"

"அது ரிமோட்டுக்கு. ரிமோட்ல மைக் இருக்கு. நீங்க பேசினா டிவி கேட்டுக்கும்."

சின்னத்தாயி அவள் வாயைப் பார்த்துக்கொண்டே நின்றவள் பட்டென்று சிரித்துவிட்டாள். "எனக்குக் காது போச்சு, டிவிக்குக் காது வந்திருக்குது பாரு." ரொம்ப நாளைக்குப் பிறகு என்னைப் பார்த்துச் சொன்ன வார்த்தை. அதற்காகவே அங்கே இன்னும் கொஞ்ச நேரம் நிற்கலாம் என்று தோன்றியது.

ஆனால் தலை சுற்றியது. ஒன்றில் வாய் பெரிதாகத் தெரிந்தது, கிட்டே போனால் புள்ளி புள்ளியாக உடைந்தது. எங்கள் ரூமில் கிட்டே உட்காருவதைத் தவிர வேறு வழி இல்லை. இன்னொன்றை நேராகப் பார்த்தால் முகம், பக்கத்தில் நகர்ந்தால் பேய். மூன்றாவதில் உதடு குரலுக்குப் பின்தங்கி வந்தது. அது டிவி தப்பா, வைஃபை தப்பா என்று கேட்டேன். மமதா இன்னொரு ஆளைக் கூப்பிட்டாள். அவன் இரண்டும் இருக்கலாம் என்றான். பணம் கொடுக்கிறவனிடம் இரண்டும் இருக்கலாம் என்றால் என்ன அர்த்தம்?

அப்போதுதான் எனக்கு நோரா ஞாபகம் வந்தது.

நோரா எங்கள் வீட்டுக்கு மேல் வீட்டுக்காரி. கட்டடமே அவளுடையது. கீழேயும் மேலேயுமாக நாலு குடித்தனம். வைஃபை அவள் பேரில் ஒன்றுதான். நாலு வீடும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கட்டுகிறோம். எங்கள் பக்கமெல்லாம் இப்படித்தான், தண்ணீர் மோட்டார் மாதிரி அதுவும் பொது. நோரா வீட்டில் பெரிய டிவி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கால் வலி என்றால் சர்ச்சுக்குப் போகாமல் போனைத் தட்டி, பூசையை அந்த டிவியில் விட்டுப் பார்ப்பாள். வாடகை கொடுக்கப் போனபோது நானே பார்த்திருக்கிறேன். ஃபாதர் வாயில் பல் ஒன்று இல்லாததுகூடத் தெரிந்தது.

கண்ணால் பார்த்தது அது ஒன்றுதான். நோராவுக்குப் போன் போட்டு, டிவிப் பெட்டியில் எழுதியிருப்பதைப் படிக்கச் சொல்லி, போனை மமதாவிடம் கொடுத்தேன்.

"தாத்தா, அது போன வருஷ மாடல். அதே கம்பெனில புதுசு வந்திருக்கு, இன்னும் நல்லது."

"அது ஓடறத நான் பாத்திருக்கேன். புதுசு எங்க வூட்ல ஓடும்னு நீ பாத்திருக்கியா?"

உள்ளே போய் அதே டிவியைத் தேடி எடுத்து வந்தார்கள். நோரா வீட்டு டிவி மாதிரியே, அளவு உட்பட. என்னை யாரும் ஏமாற்ற முடியவில்லை என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

கடை ஆள் வந்து சுவரில் மாட்டினான். வைஃபை சேர்த்தான். தன் போனிலிருந்து ஒரு பாட்டை டிவிக்கு அனுப்பிக் காட்டினான். வந்தது. என் போனிலும் எங்கே தொட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தான். "இங்க தொடுங்க, லிஸ்ட்ல டிவி பேர் வரும், அத தொடுங்க, அவ்ளோதான்." தலையாட்டிவிட்டுப் போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை மஸ்கட்டில் லீவு நாள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு பார்கவியைக் கூப்பிட்டேன். சின்னத்தாயி முகம் கழுவி, பொட்டு வைத்து, டிவிக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

அவன் சொன்ன இடத்தைத் தொட்டேன். லிஸ்ட் வந்தது. அதில் ஒரே பேர் இரண்டு தரம் இருந்தது. இங்கிலீஷ் எழுத்து, எனக்குப் படிக்க வராது. மேல் வரியையும் கீழ் வரியையும் ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரு கோடுகூட மாறவில்லை. ஒரே டிவிக்கு எதற்கு இரண்டு பேர்? முதலில் இருப்பதைத் தொட்டேன். போனில் பச்சையாக ஏதோ ஒன்று வந்து போனது. டிவி கறுப்பாகவே இருந்தது.

"வரலியா?" என்றாள் சின்னத்தாயி.

"இரு."

டிவிக்குப் பின்னால் வயரை அமுக்கினேன். தட்டினேன். ஒன்றும் இல்லை. கறுப்புக் கண்ணாடியில் எங்கள் இரண்டு பேர் முகம்தான் தெரிந்தது.

"அவ வாயால உண்மை வரும்னு உனக்குத் தெரியும், அதனாலதான் வராத டிவியா பாத்து வாங்கியிருக்க" என்று எழுந்துவிட்டாள். அதற்கு என்ன அர்த்தம் என்று யோசிப்பதற்குள் வெளியே குழாயடிக்குப் போய்விட்டாள்.

போனில் பார்கவி, "ப்பா, என்னாச்சு? அம்மா எங்க?" என்றாள்.

"கோச்சிக்கினு போயிட்டா. டிவி வரல."

"என்ன டிவி?"

விஷயத்தைச் சொன்னேன். எனக்கும் ஆத்திரம். "உங்கம்மா நான் சொல்றத நம்ப மாட்டேன்றாம்மா. நீ வர வேணாம்னு நான்தான் சொன்னேன்னு நெனச்சிக்கினு கீறா. வூடு சின்னதுன்னு நான் சொன்னது நெஜம்தான். அதுக்காக பெத்த பொண்ண வராதேன்னு சொல்லுவனா? நான் வெளிய படுத்துக்க மாட்டனா? லீவு குடுக்கலன்னு நீயே அவ கிட்ட ஒரு தரம் சொல்லிடு, எனக்கு அது போதும்."

படம் நின்றுவிட்டதோ என்று பார்த்தேன். நிற்கவில்லை. கண் சிமிட்டினாள்.

"அம்மா பக்கத்துல இல்லதானே?"

"இல்லன்றனே."

"ப்பா, லீவு குடுத்துட்டாங்க. எப்பவோ குடுத்துட்டாங்க. நஞ்சுக்கொடி கீழ இறங்கி இருக்குதாம். ரெண்டு தரம் ரத்தம் பட்டுச்சு. பிளேன் ஏறக் கூடாது, படுத்தே இருக்கணும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. அம்மாக்குத் தெரிஞ்சா சர்க்கரை ஏறிடும். அதான் லீவு இல்லன்னேன். நீங்களும் சொல்லாதீங்கப்பா."

கடையில் மயிலை நம்பாதவன், சிவப்புப் புள்ளியை நம்பாதவன், என் மகள் சொன்ன லீவை ஒரு கேள்வி கேட்காமல் நம்பியிருக்கிறேன்.

"இப்ப எப்படி கீற?" என்று கேட்டேன். அவள் அழ ஆரம்பித்தாள். நானும் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

மாடிப்படியில் தடதடவென்று சத்தம். சின்னத்தாயி உள்ளே வந்தாள். குழாயடியிலிருந்து வரவில்லை, மாடியிலிருந்து வந்தாள். என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

"ஏண்டி, ரத்தம் எப்பப் பட்டுது? வலியோட பட்டுதா, வலி இல்லாம பட்டுதா?"

பார்கவி வாயைப் பிளந்தாள். "ப்பா, சொல்லிட்டீங்களா?"

"நான் எங்கம்மா சொன்னேன்? நான் இந்த எடத்த விட்டு நவுரல."

சத்தியமாக எனக்கு ஒன்றும் புரியவில்லை. காது கேட்காதவள், குழாயடியில் இருந்தவள், மூடின கதவுக்கு இந்தப் பக்கம் பேசினதை எப்படித் தெரிந்துகொண்டாள்? பின்னாலேயே நோரா மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"அங்கிள், என்ன நடக்குது இங்க? நான் என் பாட்டுக்கு கேக் செய்யறது பாத்துக்கிட்டு இருக்கேன், திடீர்னு என் டிவில உங்க பார்கவி! அம்மாம் பெரிய மூஞ்சி! சத்தமே வரல, வாய் மட்டும் அசையுது. எனக்கு பயமாப் போச்சு, ஜீசஸ்னு எழுந்து வந்து இவங்கள கையப் புடிச்சு கூட்டிட்டுப் போனேன். இவங்க வந்து உக்காந்து மொத்தமும் பாத்துட்டாங்க."

எனக்கு அப்புறம்தான் மெல்ல விளங்கியது. ஒரே மாதிரி டிவி, ஒரே பேர், ஒரே வைஃபை. நான் தொட்டது மேல் வீட்டு டிவி. முகம் மாடிக்குப் போயிருக்கிறது, குரல் என் கையிலேயே நின்றுவிட்டது. எனக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடி. அவளுக்கு முன்னால் மகளுடைய வாய், கதவு மாதிரி.

சின்னத்தாயி போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். "இதுல எனக்குத் தெரியாது. நீ இங்கயே புடிச்சிக்கினு இரு, எதையும் தொடாத. நான் மேல போறேன்."

"கீழ வர வைக்கலாமே ஆன்ட்டி" என்றாள் நோரா.

"வேணாம். இந்தாளு மறுபடியும் ஏதாவது தொட்டான்னா அது அடுத்த தெருவுக்குப் போயிடும்."

மேலே போனாள். அவள் ஜன்னலில் நின்று கத்த, நான் கீழே போனை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிக்க, மஸ்கட்டில் பார்கவி பதில் சொல்ல, அந்தப் பதில் மாடியில் போய் இறங்கியது. ரத்தத்தின் நிறம், காலில் வீக்கம், யார் சமைக்கிறார்கள், புருஷன் பாத்திரம் கழுவுகிறானா, எல்லாம் கேட்டாள். தெருவில் போன தள்ளுவண்டிக்காரன் நின்று பார்த்துவிட்டுப் போனான். கடைசியில், "நீ வர வேணாம். நான் வரேன்" என்று கத்தினாள். பார்கவி அழுதுகொண்டே சிரித்தாள்.

போனை வைத்த பிறகு கீழே வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"டிவி மூலைல சின்னதா ஒரு கட்டத்துல உன் மூஞ்சியும் வந்துது. நீ அவ கிட்ட சொன்னதையும் பாத்தேன்."

"உம்."

"அவதான் பொய் சொல்லிகீறா. நீ நம்பிக்கினு இருந்திருக்க."

"உம்."

"உம் உம்னா? மஸ்கட்டுக்கு நான் தனியா எப்படிப் போறது? அங்க எல்லாரும் வேற பாஷை பேசுவாங்க, எவன் வாயும் எனக்குப் புரியாது. நீயும் வா. அவங்க சொல்றத நீ கேட்டு எனக்கு சொல்லு."

"நான் சொன்னா நீ நம்புவியா?"

அவள் இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தாள்.

"இப்ப சொல்லு. பார்கவி இன்னா சொன்னா?"

"நீதான் பாத்துட்டியே."

"நீ சொல்லு."

ஆரம்பத்திலிருந்து சொன்னேன். லீவு, நஞ்சுக்கொடி, டாக்டரம்மா, படுத்தே இருக்க வேண்டியது, சர்க்கரை ஏறிவிடும் என்று பயந்தது. இவ்வளவு நீளமாக என் வாழ்நாளில் பேசினதில்லை. அவள் கண்ணை எடுக்காமல் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"அழுதாளே. அத விட்டுட்ட."

"அழுதா" என்றேன்.

"அப்புறம்?"

"நானும்தான்."

"அப்படி முழுசா சொல்லு" என்று சொல்லிவிட்டு டீ போட எழுந்து போனாள்.